படப்பெட்டியும் பால்மரக்காடும்



சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பாக, எங்கள் பள்ளிக்கு ஒரு தந்தை வந்தார். முன்பு பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை அறுப்பவர். அவருடைய மூத்த மகன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டான். திருமணங்களுக்குப் படம் பிடிக்கும் தொழிலில் இறங்கப் போவதாகச் சொல்கிறானாம். ஈப்போவுக்குப் போய் விலையும் விசாரித்துவிட்டார்கள். காமிராவும் லென்சும் சேர்ந்து ஆறாயிரம் வெள்ளிக்குக் குறையவில்லை.

"சார், கேனன் நல்லதா, நிக்கன் நல்லதா, சோனி நல்லதா? நீங்கதான் சொல்லணும். கடன் எடுத்துத்தான் வாங்கணும்" என்றார்.

வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை சில வேளைகளில் நம்மைச் சங்கடத்தில் மாட்டிவிடும். நான் வரலாறு சொல்லிக்கொடுப்பவன், காமிரா வியாபாரி அல்லன். ஆயினும் கடன் என்ற சொல்லைக் கேட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. "உங்கள் வீட்டில் பழைய படங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். மாலையில் வருகிறேன்" என்றேன். புதுக் காமிராவுக்கும் பழைய படத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

மாலையில் போனபோது மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பதினேழு படங்கள். மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கு அவ்வளவுதான். ஒன்று, அவருடைய பாட்டியின் படம். தபால்தலையைவிடச் சற்றே பெரியது. பின்னால் வெள்ளைத் துணி. பாட்டியின் கண்கள் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவரைப்போல் விரிந்திருந்தன. இன்னொன்று, அவருடைய தாய் தந்தையர் மணக்கோலத்தில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் திரைச்சீலையில் அரண்மனைத் தூண்கள் வரைந்திருந்தன. மூன்றாவது, அவருடைய அக்காளின் திருமணப் படம், 1986-இல் எடுத்த வண்ணப்படம். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை பளிச்சென்று இருக்கிறது. மணப்பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மையைக் கொட்டியதுபோல் ஒரு கறுப்பு. பற்களும் மூக்குத்தியும் மட்டும் தெரிகின்றன.

அதைக் காட்டி அவர் சிரித்தார். "எங்க அக்கா கறுப்பு சார், அதான் படம் சரியா விழலை."

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. படம் சரியாக விழாததற்குக் காரணம் அந்த அம்மாளின் நிறந்தானா? காமிராவா? பிலிமா? பிடித்தவரா? இதற்கு விடை கண்டால், கேனனா நிக்கனா என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஆகவே சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

படம் பிடிக்கும் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், பாரிஸ் நகரில். லூயி டாகர் என்ற பிரெஞ்சுக்காரர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல் உருவத்தைப் பதிக்கும் வழியைக் கண்டிருந்தார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு செல்வதற்குள் காமிரா நம் பக்கத்துக்கு வந்துவிட்டது. 1862-இல் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சிங்கப்பூருக்கு வந்தார். பினாங்கிலும், இன்று செபராங் பிறை என்று நாம் சொல்லும் கரும்புத் தோட்டச் சீமையிலும் சுமார் பத்து மாதம் தங்கிப் படங்கள் பிடித்தார்.

அந்நாளில் படம் பிடிப்பது இரண்டு ஆள் வேலை. கண்ணாடித் தகட்டின்மேல் பிசின்போன்ற ஒரு மருந்தை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காயுமுன் காமிராவுக்குள் செருகிப் படம் எடுத்து, ஈரம் காயுமுன்பே இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இந்த வேலைக்குத் தாம்சன் யாரைப் பழக்கினார் தெரியுமா? மதராசிலிருந்து வந்த இருவரை. சீனர்கள் இதைப் பேய் வேலை என்று எண்ணி வர மறுத்துவிட்டதாகவும், அதனால் மதராசுக்காரர் இருவரைப் படி எடுப்பதற்கும் உதவிக்கும் பழக்கிக்கொண்டதாகவும் அவரே 1875-இல் வெளியான தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். மலாயாவில் நம்மவரைக் காமிராவுக்கு முன்னால் நிற்கும் கூலியாகவே பார்த்துப் பழகிய நமக்கு, காமிராவுக்குப் பின்னால் கைகள் கறுக்கக் கறுக்க வேலை செய்த இந்த இருவரையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இதே காலத்தில் வாழ்ந்த இன்னொருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். பெயரில் காமிராவின் ஒலி இருப்பது தற்செயலே. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. நாற்பத்தெட்டு வயது வரை காமிராவைத் தொட்டதில்லை. 1863-இல் மகளும் மருமகனும், அம்மா தனியாக இருக்கிறாரே என்று, பொழுதுபோக்குக்காக ஒரு மரக் காமிராவை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் கோழிக்கூண்டைப் படமெடுக்கும் கூடமாகவும், கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

அவருக்குக் கிடைத்த லென்ஸ் இன்றைய கணக்கில் மிகச் சாதாரணமானது. ஒரு முகத்தின் கண் தெளிவாக விழுந்தால் காது மங்கலாகிவிடும். எதிரே உட்காருபவர் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு விட்டாலே உருவம் கலங்கும். தகட்டில் கீறல், ஓரத்தில் விரல் ரேகை. இலண்டனில் இருந்த புகைப்படச் சங்கத்தார் இந்தப் பெண்ணுக்குக் காமிராவைக் கையாளவே தெரியவில்லை என்ற பொருளில் குறை கூறினார்கள். அவரோ, லென்சைத் திருகிக்கொண்டே வரும்போது உருவம் தம் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுவதாகவும், அதற்குமேல் கூர்மைக்காகத் திருகுவதில்லை என்றும் எழுதிவைத்தார். கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின், வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் ஆகியோர் அவர் முன் உட்கார்ந்தார்கள். அன்று நல்ல லென்ஸ் வைத்திருந்த சங்கத்து உறுப்பினர் பலருடைய பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை. கேமரன் அம்மையாரின் மங்கலான படங்களோ இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பொன்போல் காக்கப்படுகின்றன.

இவருக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இவருடைய கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-இல் இருவரும் இலங்கைக்கே குடிபோனார்கள். அங்கே களுத்துறையில் இருந்தபோது, வீட்டு வேலைக்காரர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் காமிராவின் முன் நிறுத்தினார். அவர்களில் தமிழர்களும் உண்டு. இப்படி இலங்கையில் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1877-இல் அவரைக் காண வந்த ஓவியர் மேரியேன் நார்த்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவரையும் உட்காரவைத்துப் படம் எடுத்தார். 1879-இல் கேமரன் அம்மையார் இலங்கையிலேயே காலமானார். மலையகத் தமிழர் இன்றும் தேயிலை பறிக்கும் போகவந்தலாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது.

அந்தத் தொழிலாளர் படங்களை நான் அச்சில் பார்த்திருக்கிறேன். டென்னிசனை எடுத்த அதே அக்கறை, அதே ஒளி. கூலி என்ற அலட்சியத்தோடு எடுத்த படங்கள் அல்ல. ஆனால் ஒரு வேறுபாடு. டென்னிசன் படத்தின் கீழ் டென்னிசன் என்று எழுதியிருக்கிறது. நம்மவர் படத்தின் கீழ் களுத்துறைக் குடியானவர் கூட்டம், இலங்கைப் பெண் என்ற அளவில்தான் எழுதப்பட்டது. எவ்வளவு நல்ல காமிராவும் பெயரைத் தானாக எழுதிக்கொள்ளாது, நேயர்களே.

இலங்கையில் காப்பிச் செடிகளில் துருநோய் கண்டுபிடிக்கப்பட்டது 1869-இல். காப்பி அழிந்ததும் அங்கிருந்த தோட்டக்காரர் பலர் மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தமிழ்க் கூலிகளும் வந்தார்கள். 1877-இல் நம் பேராக் மாநிலத்துக் கோலக்கங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதையும், அந்நாள் மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்பதையும் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். இரப்பர் பெருகியதும் காமிராவும் தோட்டத்துக்குள் வந்தது. சுமத்திராவின் மேடான் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த கிளைன்குரோத்தே என்ற ஜெர்மானியர் 1907-இல் மலாய்த் தீபகற்பத்தைப் பற்றி ஒரு படத்தொகுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு, ஆர்னால்ட் ரைட், கார்ட்ரைட் என்ற இருவர் தொகுத்த பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய பெருநூல் வெளிவந்தது. தூக்க இயலாத கனம். பக்கத்துக்குப் பக்கம் படங்கள்.

அக்காலத்துத் தோட்டப் படங்களில் எதைக் காண்கிறோம்? துரையின் பங்களா, ஆலை, வரிசை வரிசையாக மரம். ஒரு மரத்தின் அருகே தலைப்பாகை கட்டிய ஒரு மனிதன் கையைத் தொங்கவிட்டு நிற்பான். அவன் ஏன் அங்கே நிற்கிறான்? மரம் எவ்வளவு பருமன் என்பதைப் பங்கு வாங்குகிற இலண்டன்காரருக்குக் காட்டுவதற்காக. மரத்தின் வயதை எழுதுவார்கள். மனிதனின் பெயரை எழுதமாட்டார்கள். அவை எடுக்கப்பட்ட கருவிகள் மிகச் சிறந்தவை. பெரிய கண்ணாடித் தகடுகள். இலையை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அந்த மனிதனின் சட்டைப் பொத்தானையும் எண்ணலாம். முகத்தைப் பார்க்க மட்டும் யாரும் மெனக்கெடவில்லை. கேமரன் அம்மையாரின் கலங்கிய லென்ஸ் கண்டதை இந்தக் கூர்மையான லென்சுகள் காணவில்லை.

இனி, அந்தத் தந்தை கேட்ட கம்பெனிப் பெயர்களுக்கு வருவோம்.

காமிராவைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-இல் அவர் விற்ற கோடாக் காமிராவில் நூறு படம் எடுக்கலாம். விலை 25 டாலர். எடுத்து முடித்ததும் காமிராவையே ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். கழுவி, படி எடுத்து, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் வந்த பிரௌனி காமிராவின் விலை ஒரே டாலர். 1925-இல் ஜெர்மனியில் லைக்கா வந்தது. அதை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கனமான தகட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாமல்தான் சட்டைப்பையில் அடங்கும் காமிராவைப் பற்றி யோசித்தார் என்பர். நல்ல கருவிகள் பல இப்படி இயலாமையிலிருந்தே பிறந்திருக்கின்றன.

ஜப்பானில் 1933-இல் கொரோ யோஷிடா என்பவரும் நண்பர்களும் ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார்கள். யோஷிடா ஒரு லைக்காவைக் கழற்றிப் பார்த்து, நாமும் செய்யலாமே என்று துணிந்தவர். தம் முதல் மாதிரிக்கு குவானோன் என்று பெயர் வைத்தார். பினாங்கு கெக் லோக் சி ஆலயத்தில் வானளாவ நிற்கிறதே குவான் யின் தேவி சிலை, அந்தத் தெய்வத்தின் ஜப்பானியப் பெயர்தான் அது. அந்தப் பெயரே பிறகு கேனன் ஆயிற்று. ஆனால் 1936-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த காமிராவுக்கு லென்ஸ் செய்ய அவர்களிடம் வசதி இல்லை. லென்ஸ் செய்து கொடுத்தது யார்? பின்னாளில் நிக்கன் என்று பெயர் பெற்ற நிப்பான் கோகாகு கம்பெனி! கேனன் பெரிதா நிக்கன் பெரிதா என்று இளைஞர்கள் இன்று வாதாடுகிறார்கள். முதல் கேனன் நிக்கனின் கண்ணால்தான் உலகைப் பார்த்தது.

ஜப்பானியப் பொருள் என்றால் மலிவு, மட்டம் என்ற எண்ணம் போருக்குப் பிறகும் இருந்தது. 1950-இல் கொரியப் போரைப் படம் பிடிக்க வந்த அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானில் கிடைத்த நிக்கன் லென்சைத் தம் லைக்காவில் மாட்டி எடுத்த படங்கள் லைஃப் இதழில் வந்தன. ஜெர்மன் லென்சுக்கு இது சளைத்ததல்ல என்று உலகம் அப்போதுதான் உணர்ந்தது. அன்று மட்டமென்று ஒதுக்கிய பெயரைத்தான் இன்று கடன் வாங்கி வாங்குகிறோம்.

டங்கன் கொரியாவுக்குப் போவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, நம் பேராக்கில் வேறொரு விதமான படப்பிடிப்பு நடந்தது. பிஸ்கட் டின்னில் இருந்த பாட்டியின் சின்னப் படம் அதில் எடுத்ததுதான். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, இரண்டு நாளில் மலாயா முழுவதற்கும் நீண்டது. அதே ஆண்டு வந்த பதிவுச் சட்டப்படி, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. பதிவு செய்கிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் தோட்டம் தோட்டமாகச் சென்றார்கள்.

தோட்டத்துத் தாய்மார் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் முதல் படம் அதுதான்; சிலருக்கு அதுவே கடைசிப் படமும். மகிழ்ச்சிக்காக எடுத்ததல்ல, அடையாளம் காட்ட எடுத்தது. பயங்கரவாதிக்குச் சோறு கொடுத்தாயா என்று கேட்கிற காலத்தில், துப்பாக்கிக்காரர் பக்கத்தில் நிற்க, வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு பெண்ணின் கண்கள் வேறெப்படி இருக்கும்? காமிரா எந்தக் கம்பெனியுடையதானாலும் அந்தக் கண்கள் அப்படித்தான் விழுந்திருக்கும். ஆயினும் அந்தச் சிறு படத்தை அந்தக் குடும்பம் எழுபது ஆண்டுக்கு மேலாக வைத்திருக்கிறது. தோட்டத் துண்டாடல் வந்து, லயத்தை விட்டு இரண்டு முறை மூட்டை கட்டியபோதும் அந்த டின் தொலையவில்லை.

இனி அக்காளின் வண்ணப்படம். கருவி முக்கியமே இல்லை, பிடிப்பவரின் மனமே முக்கியம் என்று இதுவரை நான் சொன்னதுபோல் தோன்றலாம். அது முழு உண்மையன்று. இந்த இடத்தில் கருவி நமக்குத் துரோகம் செய்திருக்கிறது.

வண்ணப் பிலிம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய மருந்து அடுக்குகள். எந்த நிறம் எப்படி விழ வேண்டும் என்பதை ஆலையில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். படி எடுக்கும் கடைகள் தங்கள் இயந்திரத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் நிற்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவரின் பெயர் ஷெர்லி என்பதால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பெயர் நிலைத்தது. ஷெர்லியின் முகம் அழகாக விழுந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஷெர்லியைப்போல் இல்லாதவர்கள் எப்படி விழுகிறார்கள் என்பதை யாரும் சரிபார்க்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களின் தாய்மார்கள் பள்ளிக் குழுப்படங்களைப் பார்த்துக் குறைப்பட்டதுண்டு. ஆனால் கம்பெனியின் காதில் உரக்க விழுந்த குரல் வேறு. எங்கள் சாக்லெட்டின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று மிட்டாய்க் கம்பெனிகளும், எங்கள் மரச்சாமான்களுக்குள் நிற வேறுபாடே தெரியவில்லை என்று நாற்காலி மேசை செய்வோரும் முறையிட்டார்கள். பழுப்பு நிறத்தைப் பிரித்துக் காட்டும் பிலிமுக்கான வேலை அதற்குப் பிறகே சூடு பிடித்தது. இதைக் கோடாக்கில் பணியாற்றியவர்களிடமே கேட்டறிந்து கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் 2009-இல் எழுதினார். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரி அட்டை வந்தது 1990-களில்.

அக்காளின் கல்யாணத்தில் எந்தக் கம்பெனிப் பிலிம் போட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. எதுவாக இருந்தாலும் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. காமிராவுக்கும் படி எடுக்கும் இயந்திரத்துக்கும் நம்மைத் தெரியாது. எதிரே இருப்பதெல்லாம் கூட்டிக் கழித்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அவை எண்ணிக்கொள்ளும். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையும் பின்னால் வெள்ளைச் சுவரும் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று கருதி எல்லாவற்றையும் கறுக்கடிக்கும். சட்டை தப்பித்துக்கொள்ளும், முகம் மாட்டிக்கொள்ளும். அறிந்த படக்காரர் முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டியிருப்பார். ஆக, பிலிமின் குறை பாதி, பிடித்தவரின் அவசரம் பாதி. அக்காளின் குறை அதில் ஒன்றுமில்லை. இதை அந்தத் தந்தையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. படத்தை மறுபடியும் எடுத்து வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோதுமை மாவுபோல் பவுடர் அப்பிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போன நம் பெண்களை நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! பிலிமின் குறையை அவர்கள் பவுடரால் அடைத்தார்கள், வேறென்ன?

பிலிம் இல்லாத காமிராவைக் கண்டவரும் கோடாக்காரரே. 1975-இல் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் செய்த மாதிரி, படத்தைப் பத்தாயிரம் புள்ளிகளாக்கி ஒலிநாடாவில் பதிந்தது; ஒரு படத்துக்கு 23 விநாடி ஆயிற்று. இன்று ஒரு சாதாரணக் கைப்பேசியில் ஒரு கோடிப் புள்ளிக்கு மேல் இருக்கிறது. தான் பெற்ற பிள்ளையைத் தானே வளர்க்கத் தயங்கிய கோடாக், 2012 ஜனவரியில் கடன் தாங்காமல் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டது. சோனி, 2006-இல் கோனிக்கா மினோல்டாவின் காமிராத் தொழிலை எடுத்துக்கொண்டு முன்னேறியது. நிக்கன் காமிராக்கள் பலவற்றில் ஒளியை வாங்கும் சில்லு சோனி செய்ததுதான். ஆகவே ஒரே விலையில் உள்ள மூன்று காமிராவை அருகருகே வைத்தால், ஒரு கல்யாண ஆல்பத்தைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று கண்டுபிடிக்க என்னால் முடியாது. கடைக்காரராலும் முடியாது என்றே நினைக்கிறேன். முதலில் வாங்கும் காமிராவுக்கு ஏற்ற லென்சையே பிறகும் வாங்க வேண்டியிருக்கும். எனவே பக்கத்தில் தொழில் செய்யும் அண்ணன்மார் எதை வைத்திருக்கிறார்களோ, ஒரு நாளைக்கு எந்த லென்சை இரவல் கேட்கலாமோ, பழுது பார்க்க ஈப்போவிலேயே எதற்கு ஆள் உண்டோ, அதை வாங்குவதே புத்தி.

கருவி எங்கே வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று விடியுமுன் போயிருப்பீர்கள். இருட்டு, சூடம், ஆடிவரும் காவடி. அங்கே கைப்பேசியால் எடுத்தால் காவடி வெறும் கோடாகத்தான் இழுபடும். அதிக ஒளியை உள்ளே விடும் அகன்ற லென்சும் பெரிய சில்லும் அங்கே தேவை. தாலி கட்டும் நேரத்தில் உறவினர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பிடிக்கவும் லென்ஸ் வேண்டும். அது காமிராவின் பெயருக்குக் கொடுக்கும் விலையன்று. இருட்டுக்கும் தூரத்துக்கும் கொடுக்கும் விலை. பகலில், வாசலில், பத்தடி தூரத்தில் நிற்கும் மனித முகத்துக்கு அது வேண்டியதில்லை. நம் நிறத்தைச் சரியாகக் காட்டும் வேலையையும் கைப்பேசிக் கம்பெனிகள் இப்போதுதான் கையில் எடுத்திருக்கின்றன. 2021-இல் கூகுள் தன் கைப்பேசியில் அதற்கென்றே தனி ஏற்பாடு செய்திருப்பதாக அறிவித்தது. தாமதம்தான், வந்தவரை நல்லது.

அன்று மாலை அந்தப் பையனிடம், "உன் கையில் இருக்கும் கைப்பேசியிலேயே உன் அத்தையைப் படம் எடு பார்ப்போம்" என்றேன். 1986-இல் மணப்பெண்ணாக நின்ற அதே அக்காள், பக்கத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். முதலில் அவரை வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். பழைய கதைதான், முகம் கறுத்துவிட்டது. பிறகு வாசற்படியில், கூரைக்கு உட்புறமாக, வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்காரச் சொன்னேன். பின்னால் வீட்டின் இருட்டு. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றே கூட்டச் சொன்னேன். அத்தைக்கு வெட்கம், சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். பையன் பேச்சுக் கொடுத்தான். நிரை பிடித்துப் பால் வெட்டிய நாளில் ஒரு பாம்பு வாளிக்குள் கிடந்த கதையை அவர் சொல்லத் தொடங்கினார். பாதிக் கதையில் அவன் எடுத்துவிட்டான்.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த அந்த அம்மாள் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது நானாப்பா?" என்று கேட்டு, திரும்பவும் பார்த்து, சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக அடித்துத் தரச் சொன்னார்.

தந்தை கடைசியில் ஆறாயிரம் வெள்ளிக் கடன் எடுக்கவில்லை. ஒருவர் பயன்படுத்திய காமிராவும், ஒளியை நிறைய வாங்கும் சிறிய ஐம்பது மில்லிமீட்டர் லென்சும் அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தன. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே நாலு பேர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். பையன் வார இறுதியில் ஒரு அண்ணனோடு கல்யாணங்களுக்குப் போகிறான். இப்போதைக்குச் சம்பளம் குறைவுதான்.

புறப்படுமுன் நான் ஒரு பென்சில் கேட்டேன். அத்தையை உட்காரவைத்து, டின்னில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்புறத்தில் பெயர்களை எழுதத் தொடங்கினோம். ஆயாக்கொட்டகையின் முன் நிற்கும் ஒரு குழுப்படத்தில் மட்டும் அவருக்கு ஏழு பெயர் நினைவிருந்தது. தண்டலின் மனைவி யார், அவருக்குப் பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு நிற்பவர் யார் என்பதில் அக்காளுக்கும் தம்பிக்கும் சண்டையே வந்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரம் வரை எழுதினோம். பதினேழில் பதினொரு படங்களுக்குப் பெயர் கிடைத்தது.